தக்காளிக்கு மருந்து வாங்கப் போகிறீர்களா?

கேள்வி: ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். லயத்துக்குப் பின்னால் பன்னிரண்டு தக்காளிக் கன்று வைத்தேன். காய் பிடிக்கிற நேரம் பார்த்து இலையெல்லாம் கருகத் தொடங்கியது. டவுன் கடையொன்றில் சொன்னேன். பெரிய கேனிலிருந்து ஒரு சோடாப் போத்தலில் ஊற்றி, 'நல்ல பூச்சி மருந்து' என்று 450 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். இரண்டு தரம் அடித்தும் கருகல் நிற்கவில்லை. இதைவிடப் பலமானது வாங்கலாமா? காசைத் திருப்பிக் கேட்க முடியுமா?

பதில்: தங்கச்சி, முதலில் அந்தப் போத்தலைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துப் பூட்டுங்கள். சமையலறையில் வேண்டவே வேண்டாம். சோடாப் போத்தலைப் பார்த்தால் குழந்தைக்குச் சோடா ஞாபகம்தான் வரும். மிச்சத்தைப் பீலியிலோ ஓடையிலோ ஊற்றவும் கூடாது. லேபிள் இல்லாததால், அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பது உங்களுக்குத் தெரிய வழியில்லை. அதனால் மருந்து பட்ட காய்களைச் சமைக்காதீர்கள். மனசு கேட்காதுதான், ஆனாலும் புதைத்துவிடுங்கள்.

பலமான மருந்து எதுவும் வாங்க வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது பூச்சியின் வேலை மாதிரித் தெரியவில்லை. காலையில் பனி காய்வதற்கு முன் ஒரு இலையைத் திருப்பிப் பாருங்கள். கறுத்த திட்டின் ஓரத்தில், அடிப்பக்கமாக, மாவு தூவியது போல வெள்ளையாக இருக்கிறதா? தண்டிலும் மண்ணிறப் பட்டை ஓடியிருக்கிறதா? அப்படியென்றால் உருளைக்கிழங்கை அழிக்கிற அதே கருகல் நோய்தான். பூஞ்சணம் போன்ற ஒரு கிருமியால் வருவது. பூச்சி மருந்து அதை ஒன்றும் செய்யாது. பூஞ்சண மருந்துகூட நோய் வருவதற்கு முன் அடித்தால்தான் பெரும்பாலும் உதவும்.

நம் பக்கத்துக் குளிரும் மூடுபனியும் இந்த நோய்க்கு ரொம்பப் பிடித்தவை. இலை மணிக்கணக்கில் ஈரமாக நின்றால் போதும், பிடித்துவிடும். அதனால் அடுத்த தடவை அந்தக் காசுக்குக் கண்ணாடிப் பொலித்தீன் வாங்குங்கள். நாலு கம்பு நட்டு மேலே மட்டும் கூரையாகக் கட்டி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விடுங்கள். கன்றுக்குக் கன்று இரண்டு அடி இடம் வேண்டும். தண்ணீரை இலையில் தெளிக்காமல் அடியில் ஊற்றுங்கள். மண்ணைத் தொடும் கீழ் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். இப்போது கருகியிருப்பதை உரக்குழியில் போடாமல் பையில் கட்டித் தூரமாகப் புதையுங்கள்.

இனி காசு விஷயம். லேபிள் இல்லாமல் மருந்து விற்பது 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி குற்றம். பில் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டால் பில் கொடுக்க வேண்டியது கடைக்காரரின் கடமை. வாங்கி மூன்று மாதத்துக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம், தொலைபேசி 1977. போத்தலை விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். 450 ரூபாய்க்காக இல்லாவிட்டாலும், அடுத்த வீட்டுப் பிள்ளைக்காக முறையிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

கேள்வி: பண்டாரவளை. பச்சையாக நின்ற செடி இரண்டே நாளில் வாடித் தொங்குகிறது, இலை மஞ்சளாகவில்லை. தண்ணீர் ஊற்றினாலும் எழும்பவில்லை. வேருக்கு ஊற்ற ஒரு மருந்து இருக்கிறதாம். வாங்கட்டுமா?

பதில்: வாங்குவதற்கு முன் செலவில்லாத ஒரு சோதனை செய்யுங்கள். அடித்தண்டில் இரண்டு அங்குலத் துண்டு வெட்டி, ஒரு கண்ணாடிக் கிளாசில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுவாய் மட்டும் நனைய ஆட்டாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் போல ஒரு நூல் கீழே இறங்கினால், அது மண்ணில் இருக்கும் பக்டீரியாவால் வரும் வாட்டம். அதைக் குணமாக்கும் மருந்து எந்தக் கடையிலும் கிடையாது. செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிட்டு, கத்தியையும் மண்வெட்டியையும் நன்றாகக் கழுவுங்கள். அந்த இடத்தில் தக்காளி, உருளைக்கிழங்கு, கத்தரி, மிளகாய் எதுவும் இப்போதைக்கு வேண்டாம். போஞ்சி, கோவா, லீக்ஸ் போடலாம். தக்காளிதான் வேண்டுமென்றால் வேறிடத்து மண் நிரப்பிய உரபேக்கில் வையுங்கள். விதை வாங்கும்போது வாட்டத்தைத் தாங்கும் இனமா என்று கேளுங்கள். 1920க்கு அழைத்தால் விவசாயத் திணைக்களத்தில் தமிழிலேயே கேட்கலாம்.

கேள்வி: தலவாக்கலை. காயில் ஓட்டை, உள்ளே புழு. மஞ்சள் ஒட்டு அட்டை வாங்கினால் போகுமா?

பதில்: போகாது அண்ணன். அந்த அட்டை வெள்ளை ஈ மாதிரிச் சின்னப் பூச்சிகளுக்கு. காய்ப்புழுவின் அந்துப்பூச்சி இரவில் வந்து முட்டையிடும். புழு தலையைக் காய்க்குள் விட்டு, பின்பாதியை வெளியே வைத்துக்கொண்டு தின்னும், ஒரு காயோடு நிற்காமல் அடுத்ததற்கும் போகும். பத்துப் பன்னிரண்டு செடி என்றால், காலையும் மாலையும் கையால் பொறுக்குவதே போதும். ஓட்டை விழுந்த காயைச் செடியடியில் போட்டுவிட்டு வராதீர்கள், உள்ளே இருக்கும் புழு வெளியே வந்து மண்ணுக்குள் இறங்கிக் கூடு கட்டும்.