குதிரைத் தீனி: டப்பா கணக்கா, எடைக் கணக்கா?

கேள்வி: ஏற்காட்டில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்ல ஒரு மட்டக் குதிரை வைத்திருக்கிறேன். காலையும் மாலையும் 2 லிட்டர் டப்பாவில் ஒரு டப்பா ஓட்ஸ் கொடுத்து வந்தேன். இப்போது அது கிடைக்காததால் சேலம் லீ பஜாரில் மக்காச்சோளம் வாங்கி, உடைத்து, அதே டப்பாவில் போடுகிறேன். தின்ற பிறகு குதிரை நிலைகொள்ளாமல் தவிக்கிறது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது. அளவைக் கூட்டவே இல்லையே, ஏன் இப்படி?

பதில்: நீங்கள் சொல்வது வயிற்றுவலியின் அறிகுறி. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் காத்திருக்காமல் இன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வலி இருக்கும்போது எந்தத் தீனியும் வேண்டாம். குடற்புழு, பல் கோளாறு என்று வேறு காரணங்களும் இருக்கலாம், அதை அவர் பார்த்துச் சொல்லட்டும். ஆனால் தீனியில் ஒரு பெரிய மாற்றம் நடந்திருக்கிறது.

ஒரு லிட்டர் ஓட்ஸ் சுமார் 400 முதல் 500 கிராம்தான் இருக்கும். ஒரு லிட்டர் மக்காச்சோளம் 700 கிராமைத் தாண்டும். கோதுமைத் தவிடு என்றால் 250 கிராம்கூடத் தேறாது. ஆக, 2 லிட்டர் டப்பாவில் முன்பு ஒரு கிலோவுக்குக் கீழே போன தானியம் இப்போது ஒன்றரை கிலோவை நெருங்குகிறது. மக்காச்சோளத்தில் மாவுச்சத்தும் அதிகம். எடை, சத்து இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு டப்பாவில் போகும் மாவுச்சத்து முன்பைவிட இரண்டு மடங்குக்கு மேல்.

குதிரையின் இரைப்பை அதன் உடம்புக்கு மிகச் சிறியது. மாவுச்சத்து சிறுகுடலில் செரிக்க வேண்டும். அளவு மிஞ்சினால் மீதி பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கிறது, அமிலமும் வாயுவும் சேர்கின்றன. வயிற்றுவலி அதனாலும் வரும், குளம்பு வீக்கமும் வரலாம். குளம்பு வீக்கம் வந்தால் குதிரை மலைச்சாலையில் நடக்கவே முடியாமல் போகும். வேகவைக்காத மக்காச்சோள மாவுச்சத்து சிறுகுடலில் சரியாகச் செரிப்பதும் இல்லை. வெறுமனே உடைத்துப் போடுவதால் பெரிதாகப் பலன் கிடையாது.

சரி, எவ்வளவு கொடுக்கலாம்? முதலில் குதிரையின் எடை வேண்டும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி டேப் வைத்து அளந்து, அந்தச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்குங்கள். அதைத் தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் வரும். அளவுகள் சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். சுற்றளவு 150, நீளம் 140 என்றால் 265 கிலோ.

உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராம் மாவுச்சத்து, ஒரு வேளைக்கு அதற்கு மேல் வேண்டாம் என்பது பாதுகாப்பான வரம்பு. 265 கிலோ குதிரைக்கு அது சுமார் 400 கிராம் மக்காச்சோளம், அல்லது 600 கிராம் ஓட்ஸ். அப்படிப் பார்த்தால் நீங்கள் முன்பு கொடுத்த ஓட்ஸே ஒரு வேளைக்குக் கொஞ்சம் அதிகம்தான். கூடுதல் தானியம் தேவைப்பட்டால் மூன்று வேளையாகப் பிரியுங்கள்.

கொக்கியில் மாட்டும் டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். தினமும் நிறுக்க நேரமில்லையா, ஒவ்வொரு தீனிக்கும் ஒருமுறை நிறுத்து, டப்பாவில் தனித்தனியாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோடு போடும்போதும் அள்ளும்போதும் ஒரே மாதிரி அள்ள வேண்டும். தட்டிக் குலுக்கினால் தவிடு நன்றாக அமுங்கி எடை கூடிவிடும். கொள்ளு கொடுப்பதானால் ஊறவைக்கும் முன்பே நிறுங்கள், ஊறினால் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

எடையும் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு, பச்சைப் புல். அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். இந்தக் குதிரைக்கு நாளுக்குக் குறைந்தது 4 கிலோ உலர்ந்த நார்த்தீனி வேண்டும். பச்சைப் புல்லாகக் கொடுத்தால் அதற்கு 16 முதல் 20 கிலோ வரை ஆகும். தானியத்தைக் குறைத்துவிட்டுப் புல்லின் அளவைக் கவனிக்காமல் விட்டால் குதிரை இளைத்துப்போகும்.

அப்புறம், ஏற்காட்டுப் பனியில் மூட்டை ஈரம் இழுக்கும். பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தில் குதிரையின் மூளையைத் தாக்கும் நச்சு உருவாகலாம். காயவைத்தாலும் அது போகாது, தூக்கி எறியுங்கள்.

மருத்துவர் சரி என்ற பிறகு ஒரு கைப்பிடியிலிருந்து தொடங்கி, 10 முதல் 14 நாளில் முழு அளவுக்கு வாருங்கள். மூட்டைக்கு மூட்டை தானியத்தின் கனம் மாறும். புதிது பிரிக்கும்போது மறுபடி நிறுத்து, கோட்டைச் சரிசெய்யுங்கள்.