படப்புத்தகம், துண்டுத் துணிப் போர்வை, ஓலை வேலை: திருகோணமலையிலிருந்து சில பதில்கள்

சிறுவர் நூல்களுக்குப் படம் வரைவது என் தொழில். அதோடு துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைப்பதும், ஓலையிலும் துணியிலும் சிறு கைப்பணிப் பொருட்கள் செய்து விற்பதும் உண்டு. உப்புவெளியில் என் வேலை மேசைக்கு வந்து சேர்ந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒன்றையே கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, மூன்று வேலைகளையும் ஒரு நாளுக்குள் எப்படி அடக்குகிறீர்கள்? நான் போட்ட நேர அட்டவணை ஒரு கிழமைகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. (உவர்மலை)

ஒரு நாளுக்குள் அடக்குவதில்லை, தங்கச்சி. நாளை மூன்று கூறாக்குவதுதான் சிக்கலுக்கே காரணம் என்பது என் எண்ணம். நிறங்களைக் கலந்து, தாளை ஈரமாக்கி, கை ஓடத் தொடங்குவதற்கே நல்ல நேரம் பிடிக்கிறது. அட்டவணையில் மணியாகிவிட்டது என்று அந்த இடத்தில் தூரிகையை வைத்துவிட்டு ஊசியை எடுத்தால் படமும் கெடும், தையலும் கெடும்.

ஆண்டைப் பிரித்துப் பாருங்கள். நம்முடைய ஊரில் அதற்கு வானிலையே வழிவகுத்துத் தந்திருக்கிறது. ஐப்பசி பிற்பகுதியில் தொடங்கித் தை வரை நீளும் மாரியில் நீர்வண்ணம் காய மறுக்கும். தாள் ஈரத்தை உறிஞ்சி அலையலையாக எழும்பும். மேகமூட்டத்தில், அதிலும் மின்விளக்கின் கீழ், நீலத்துக்கும் பச்சைக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாது. ஆகவே அந்த மாதங்களைக் கதையைப் பக்கம் பிரிப்பதற்கும், பென்சில் வரைவுகளுக்கும், மடியில் போட்டுக்கொண்டு செய்யக்கூடிய கைத்தையலுக்கும் ஒதுக்கிவிடுகிறேன். வாடைக்காற்று வீசும் இரவில் மடியில் ஒரு போர்வை கிடப்பது தனிச் சுகம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மாசி முதல் சித்திரை வரை நிறம் தீட்டும் காலம். வைகாசிக்குப் பின், தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வந்துவிட்டால் வேறொரு தொல்லை: வானமோ கடலோ பெரிய பரப்பாகத் தீட்டும்போது, நிறம் சீராகப் பரவுமுன்னரே காய்ந்து விளிம்பு கட்டிவிடும். அப்படிப்பட்ட பரப்புகளை விடியற்காலையிலேயே முடித்துவிட வேண்டும். ஆனால் ஓலையையும் சாயம் தோய்த்த துணியையும் உலர்த்துவதற்கு அதே கச்சான் மிக நல்லது. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் உல்லாசப் பயணிகள் நிறைந்திருப்பதும் அந்த மாதங்களில்தான் என்பதால், கைப்பணிப் பொருட்களுக்கான காலம் தானாகவே அமைந்துவிடுகிறது.

பதிப்பாளரின் காலக்கெடு மாரிக்குள் வந்து விழுந்தால் என்ன செய்வது என்று அடுத்துக் கேட்பீர்கள். ஒப்பந்தம் பேசும்போதே, பென்சில் வரைவுகளைத் தையிலும் நிறப்படங்களைப் பங்குனியிலும் தருவதாகச் சொல்லிவிடுங்கள். காரணத்தை விளக்கினால் பெரும்பாலானோர் ஏற்றுக்கொள்வார்கள். ஏற்காதவருக்கு மைக்கோட்டுப் படமே வரைந்து கொடுக்கலாம்.

ரீச்சர், படப்புத்தகம் என்றால் 32 பக்கம்தான் இருக்க வேண்டுமா? (கிண்ணியா, உயர்தர மாணவி)

கட்டாயமில்லை, மகள். பெரிய தாளின் இரு புறமும் அச்சிட்டு மடித்து வெட்டும்போது 8, 16, 32 என்று பக்கங்கள் அமைவதால் வந்த வழக்கம் அது. நடுவில் கம்பி அடித்துக் கட்டும் சிறு நூலுக்குப் பக்கங்கள் நான்கால் வகுபட்டாலே போதும். 32 பக்கத்தில் தலைப்பு, பதிப்பு விவரம் ஆகியவை போக, கதைக்கு 14 விரிப்புகள் (நூலைத் திறந்தால் எதிரெதிரே தெரியும் இரு பக்கங்கள் ஒரு விரிப்பு) அளவில் மிஞ்சும். அவை அனைத்தையும் ஒரே தாளில், தீப்பெட்டி அளவுக் கட்டங்களாக முதலில் வரைந்துகொள்ளுங்கள். முகமோ கையோ நடு மடிப்பில் விழாமல் பார்த்துக்கொள்வதும், வெட்டும் கத்திக்காக ஓரத்தில் 3 மில்லிமீற்றர் கூடுதலாகத் தீட்டி விடுவதும் அவசியம்.

கணினித் திரையில் நம்முடைய கடலின் நிறம் அழகாகத் தெரிகிறது. அச்சில் மங்கிச் சாம்பல் பூத்துவிடுகிறது. அச்சகத்தாரின் குறையா? (அலஸ்தோட்டம்)

இல்லை. திரை சிவப்பு, பச்சை, நீலம் என்ற ஒளிகளால் நிறம் காட்டுகிறது. அச்சகம் சியான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளால் அச்சிடுகிறது. நிலாவெளிக் கடலின் அந்தப் பளிச்சிடும் பச்சை நீலம், நான்கு மைகளும் எட்டமுடியாத எல்லைக்கு வெளியே இருக்கிறது. எவ்வளவு மை ஊற்றினாலும் அது வராது. நான் கடலைக் கூட்டுவதில்லை, அதன் பக்கத்தில் இருப்பதை மாற்றுகிறேன்: மணலைச் சற்றுச் செம்மஞ்சளாகவும், வள்ளத்தின் விளிம்பைக் காவி நிறமாகவும் தீட்டினால், அருகிலிருக்கும் அதே மங்கிய நீலம் கண்ணுக்குத் துலங்கித் தெரியும். வேலை தொடங்கும்போதே கணினியை நான்கு மை முறைக்கு மாற்றிக்கொண்டால் கடைசியில் ஏமாற்றமும் இராது.

எமது பாடசாலைச் சுவரில் கோட்டை மான்களையும் புறாமலையையும் பிள்ளைகளோடு வரையவிருக்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்? (மூதூர், ஆசிரியை)

இந்தக் கேள்விக்காகவே மற்றவற்றை அவசரமாக எழுதி முடித்தேன் என்றாலும் பொய்யில்லை.

பிரெட்றிக் கோட்டையில் திரிபவை புள்ளிமான்கள். கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டையிலிருக்கும் மானின் கிளை விரிந்த கொம்பை அவற்றின் தலையில் வைக்கும் வழக்கம் நம் சுவரோவியங்களில் நிறைய இருக்கிறது. ஆணுக்கு மட்டுமே கொம்பு உண்டு. வளர்ந்த ஆணின் ஒவ்வொரு கொம்பிலும் பெரும்பாலும் மூன்று முனைகள் இருக்கும். அந்தக் கொம்பு விழுந்து மறுபடி முளைப்பது என்பதால், மென்மயிர் போர்த்த கட்டைக் கொம்போடு நிற்கும் ஆணையும் காணலாம். உடலின் வெள்ளைப் புள்ளிகள் குட்டிக்கு மட்டும் உரியவை அல்ல, வளர்ந்த பின்னும் மறைவதில்லை. முதுகின் நடுவே ஒரு கருங்கோடு ஓடும். அதை ஒட்டிய புள்ளிகள் வரிசை பிடித்திருக்கும், விலாவில் உள்ளவை சிதறிக் கிடக்கும். தொண்டையும் வயிறும் வெள்ளை. கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் மர நிழலில் அவை படுத்து அசைபோடும். பிள்ளைகளைக் கொப்பியும் பென்சிலுமாக அங்கே அழைத்துச் சென்று, தூர இருந்து வரையச் சொல்லுங்கள். உணவு கொடுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

நிலாவெளிக் கரைக்கு அப்பால் உள்ள சிறு தீவான புறாமலைக்குப் பெயர் தந்த புறாக்கள் வெள்ளைப் புறாக்கள் அல்ல, மாடப்புறாக்கள்: சாம்பல் நீல உடல், சிறகில் இரண்டு கரும்பட்டைகள், கழுத்தில் பச்சையும் ஊதாவுமாக மாறி மினுங்கும் பளபளப்பு. கரையை வெறும் மணலாகத் தீட்டாதீர்கள், இறந்த பவளத்தின் உடைந்த துண்டுகள் அங்கே குவிந்து கிடக்கின்றன. 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம் என்பதால் அந்தத் துண்டுகளை மாதிரிக்காகக்கூட வீட்டுக்கு எடுத்து வரக்கூடாது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடலாம்.

இந்த வெக்கைக்குள் பஞ்சு வைத்த போர்வையை யார் போர்த்திக்கொள்வார்கள்? (பாலையூற்று)

தடித்த பஞ்சு விரிப்பை விட்டுவிடுங்கள். மேலே துண்டுத் துணி, கீழே ஒரு முழுத் துணி, நடுவில் துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய பருத்திச் சேலை ஒன்று போதும். வங்காளத்தில் காந்தா என்று தைப்பதும் பழைய சேலைகளை அடுக்கித்தான். தை மாதக் குளிருக்கு அது போதிய சூடு தரும். மற்ற மாதங்களில் பாயின்மேல் விரித்துப் படுக்கலாம்.

பிள்ளை, எனக்கு அறுபது தாண்டிவிட்டது. அளவெடுத்துச் சதுரம் சதுரமாக வெட்ட இனிக் கண் ஒத்துழைக்காது. தையற்கடை வெட்டுத்துண்டுகள் ஒரு மூட்டை இருக்கிறது. ஏதாவது செய்யலாமா? (தம்பலகாமம்)

தாராளமாகச் செய்யலாம் அம்மா. கர்நாடகத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள் கவந்தி என்றொரு போர்வை தைக்கிறார்கள். அதற்கு அளவுகோல் வேண்டாம், தையல் இயந்திரமும் வேண்டாம். அடித்துணியை விரித்து, ஓர் ஓரத்தில் துண்டுகளை விளிம்பு மடித்து வைத்து, நூலோட்டம் போட்டுக்கொண்டே சுற்றிச் சுற்றி உள்நோக்கி வருவார்கள். துண்டு எந்த வடிவில் இருந்தாலும் அடுத்ததன் ஓரம் அதை மூடிவிடும். சுற்று நடுவில் வந்து சேரும்போது போர்வையும் முடிந்திருக்கும். நான்கு மூலைகளிலும் மடித்த துணியால் பூப்போல ஒன்றை வைத்துத் தைப்பது அவர்கள் வழக்கம்.

மூட்டையைத் தொடங்குமுன் தரம் பிரித்துக்கொள்ளுங்கள். ஐயமுள்ள துணியிலிருந்து ஒரு நூலை இழுத்துக் கொளுத்திப் பார்த்தால் பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும், பொலியெஸ்டர் உருகி உருண்டையாகும். இரண்டையும் ஒரே போர்வையில் கலக்காமலிருப்பது நல்லது. பருத்தித் துண்டுகளைத் தைக்குமுன் நனைத்து உலர்த்திவிடுங்கள். இல்லையேல் முதல் சலவையில் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவுக்குச் சுருங்கும்.

இயந்திரத்தில் சதுரங்களை இணைக்கும்போது வரிசைகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. துணியை நேராகத்தான் வெட்டுகிறேன். (சாம்பல்தீவு)

வெட்டு சரியாக இருந்தும் இப்படி வந்தால் குறை தையல் ஓரத்தில்தான் இருக்கும். நாலரை அங்குலச் சதுரத்தைக் கால் அங்குல ஓரம் விட்டுத் தைத்தால் நான்கு அங்குலம் மிஞ்ச வேண்டும். ஒரு வரிசைக்கு 9, மொத்தம் 12 வரிசைகள் என்றால் 108 சதுரங்களில் குழந்தைக்கான போர்வை கிடைக்கும். அந்தக் கால் அங்குலம் ஒவ்வொரு தையலிலும் ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு கூடினாலும், தையலின் இரு பக்கமும் அது சேர்ந்து, ஒன்பது சதுர வரிசையின் எட்டுத் தையல்களில் முழுதாக ஓர் அங்குலத்தைத் தின்றுவிடும். ஊசி இறங்கும் இடத்திலிருந்து கால் அங்குலத்தை அளந்து, இயந்திரத்தின் தட்டில் ஓர் ஒட்டு நாடாவை ஒட்டி, துணியின் விளிம்பை அதன் வழியே விடுங்கள்.

தையல் வேலையால் உங்கள் படங்களுக்கு ஏதாவது பயன் உண்டா, அல்லது வெறும் பொழுதுபோக்கா? (மட்டக்களப்பு)

பயன் உண்டு. போர்வை நிறத்தால் நிற்பதைவிட வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டால்தான் நிற்கிறது. சிவப்பையும் பச்சையையும் அடுத்தடுத்து வைத்தேனே, கோலம் ஏன் எழவில்லை என்று திகைக்கும்போது கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே சாம்பலாகக் கிடப்பது தெரியும். நூலுக்கு வரையும் ஒவ்வொரு பக்கத்தையும் இப்போது அதே வழியில் சோதிக்கிறேன்.

இரு துறைகளையும் உண்மையாகவே ஒன்றாக்கியவர் அமெரிக்க ஓவியர் ஃபெயித் ரிங்கோல்ட் (1930–2024). ஓவியமும் எழுத்தும் துணியும் சேர்த்து 1988இல் அவர் ஆக்கிய ஒரு கதைப் போர்வை, 1991இல் சிறுவர் படப்புத்தகமாக வெளிவந்தது. நம் நாட்டில் பார்க்க வேண்டியவர்கள் சிபில் வெத்தசிங்கவும் (1927–2020) ஈனா டி சில்வாவும் (1922–2015): முன்னவர் படப்புத்தகத்துக்கு, பின்னவர் மெழுகிட்டுச் சாயமேற்றும் ‘பற்றிக்’ துணிக்கும், மாத்தளைக்கு அருகிலுள்ள அளுவிகாரைப் பெண்களோடு சேர்ந்து வளர்த்த கைப்பணிக்கும்.

போர்வைக்கு என்ன விலை வைப்பது? (நிலாவெளி)

நான் போர்வை விற்பதில்லை. மாதக்கணக்கில் தைத்ததற்கு நியாயமான கூலி சேர்த்தால் வாங்குபவர் பயந்துவிடுவார். அவருக்கு ஏற்ற விலை சொன்னால் என் உழைப்பை நானே மலிவாக்கியதாகும். கடைக்கென்று செய்பவை ஓலைப் புத்தகக் குறிகள், பென்சில் பைகள், துணிப் பொம்மைகள் ஆகியவையே. பொருட்செலவோடு மணிக்கூலியையும் எழுதிக் கூட்டியே அவற்றுக்கு விலை வைக்கிறேன். மஞ்சளில் சாயம் தோய்த்த துணியை மட்டும் விற்காதீர்கள், வெயில் பட்டால் வெளுத்துவிடும்.

வரைந்து கொடுத்த படத்தைப் பதிப்பாளர் என்னைக் கேட்காமல் நாட்காட்டியிலும் போட்டுவிட்டார். அப்படிச் செய்யலாமா? (பெயர் வேண்டாம்)

உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆக்கிய படைப்பின் பதிப்புரிமை முதலில் ஆக்கியவருக்கே உரியது. சம்பளத்துக்கு வேலை செய்பவர் வேலையின் பகுதியாக வரைந்ததாயின், வேறு உடன்பாடு இல்லாதபோது, பொருளாதார உரிமை வேலை கொடுத்தவருக்குப் போகும். பாதுகாப்புக் காலம் ஆக்கியவரின் ஆயுளும் அதன் பின் 70 ஆண்டுகளும். நாட்காட்டி பற்றி எதுவும் எழுதிக் கொடுக்கவில்லையென்றால், கேட்டு எழுதவும் பணம் கோரவும் உங்களுக்கு இடமுண்டு; முதலில் மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள், பலன் இல்லையெனில் சட்டத்தரணியைப் பாருங்கள். இனிமேல், எந்தப் பதிப்புக்கு, எந்த மொழிக்கு, எத்தனை ஆண்டுக்கு, மூலப்படம் யாரிடம் இருக்கும் என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்காமல் தூரிகையை நனைக்க வேண்டாம்.

கடற்காற்றில் ஊசிகள் துருப்பிடிக்கின்றன, தாளில் பூஞ்சணம் பிடிக்கிறது. (குச்சவெளி, சீனன்குடா, இன்னும் பலர்)

தாளை மூடிய அலுமாரிக்குள், அதுவும் சுவரோடு ஒட்டிய தட்டில் வைப்பதை நிறுத்துங்கள். இறுக மூடும் பெட்டியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு வைத்து, மணிகள் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மீண்டும் இடுங்கள். குண்டூசி குத்திய துணியை இரவு முழுதும் அப்படியே விடாதீர்கள். துருக்கறை சவர்க்காரத்துக்குப் போகாது. ஊசி குத்திவைக்கும் மெத்தைக்குள் பஞ்சுக்குப் பதிலாகத் தலைமயிரை அடைப்பது பழைய தையற்காரர் வழக்கம். மயிரிலுள்ள எண்ணெய்ப்பசை ஊசியில் படிந்து துருவைத் தள்ளிப்போடும். தேங்காயெண்ணெய் வைத்த தலையைச் சீவிய சீப்பில் சேர்வதை எறியாமல் ஒரு பேணியில் சேர்த்துவந்தால், மாரி தொடங்குமுன் ஒரு சிறு மெத்தைக்குப் போதுமானது கிடைத்துவிடும்.