உள் விளிம்பில் முடிவிலி: நிரலில் பிழை இல்லை

மின்காந்த அலைகளை வளைத்து உள்ளிருப்பதை மறைக்கும் உருளை மறைப்புப் போர்வையின் உள் விளிம்பில், தீட்டா திசையில் (வட்டத்தைச் சுற்றிய திசையில்) காந்த உட்புகுதிறன், அதாவது பொருள் காந்தப்புலத்துக்கு இணங்கும் அளவு, எகிறுகிறது, கணிப்பு நிரலில் பிழையா என்று கேட்டிருந்தீர்கள். நிரல் சரிதான். இயற்பியலாளர் பெண்ட்ரி குழுவின் 2006 ஆயத்தொலை உருமாற்றம் குறுக்குவெட்டின் மையப்புள்ளியையே இழுத்து முழு வட்டமாக்குகிறது. புள்ளிக்கு ஏது சுற்றளவு? சுழியை நீட்டி வட்டமாக்குவதால்தான் மதிப்பு முடிவிலிக்குப் போகிறது. உள்ளாரம் 1 என்றால், ஆரம் 1.01-இல் தீட்டா மதிப்பு 1.01/0.01, அதாவது 101. ஆரத் திசையில் அதன் தலைகீழி, சுமார் 0.01. கணக்கீட்டு வலைக்கண்ணை எவ்வளவு பொடியாக்கினாலும் இது தீராது. நானும் ஒரு வாரம் தொலைத்திருக்கிறேன்.

புள்ளிக்குப் பதில் குட்டி வட்டம் ஒன்றை விரித்துப் பாருங்கள். எல்லா மதிப்பும் முடிவுள்ளதாகிவிடும். கொஞ்சம் சிதறல் மிஞ்சும், அதாவது மறைப்பு முழுமையாகாது. மின்புலம் அச்சுக்கு இணை, உள்சுவர் கடத்தி என்றால் அந்தச் சிதறல் குட்டி ஆரத்தின் மடக்கைக்குத் தலைகீழாகத்தான் குறையும். ஆமை வேகம்!