அட்டையில் எம்கேவி என்று போட்டிருக்கிறது, ஆனால் படம் ஓடுமா?

கேள்வி: டிவியோடு இணைக்க ஒரு தனி மீடியா பிளேயர் வாங்கலாம் என்று இருக்கிறேன். பல வருடமாகச் சேர்த்த படங்களும் வீட்டு விசேஷ வீடியோக்களும் ஹார்ட் டிஸ்கில் கிடக்கின்றன, ஏவிஐ, எம்பி4, எம்கேவி எல்லாம் கலந்து. பிளேயரின் அட்டையில் மூன்றும் ஓடும் என்று போட்டிருக்கிறது. ஆனால் அதே மாடலை வாங்கிய நண்பர், சில எம்கேவி ஓடுகிறது, சிலவற்றில் சத்தமே வரவில்லை என்கிறார். எதை நம்பி வாங்குவது?

பதில்: அட்டையை நம்பி வாங்காதீர்கள். ஏவிஐ, எம்பி4, எம்கேவி எல்லாம் வெறும் டப்பாதான், உள்ளே என்ன இருக்கிறது என்பது டப்பாவின் பெயரை வைத்துத் தெரியாது. உள்ளே இருப்பது கோடெக், அதாவது படத்தையும் சத்தத்தையும் சுருக்கிவைக்கும் முறை. பழைய ஏவிஐ என்றால் பெரும்பாலும் உள்ளே டிவ்எக்ஸ் அல்லது எக்ஸ்விட் இருக்கும். எம்கேவிக்குள் 2003-இல் வந்த எச்.264 இருக்கலாம், 2013-இல் வந்த எச்.265 இருக்கலாம், 2018-இல் வந்த ஏவி1 கூட இருக்கலாம். கம்ப்யூட்டரில் எல்லாம் ஓடுகிறதே என்று தோன்றும். அங்கே பிராசஸருக்குப் பலம் இருக்கிறது, தெரியாத கோடெக்கையும் மென்பொருளை வைத்தே பிரித்துவிடும். இந்தச் சின்னப் பெட்டிகளில் அந்த வேலையைச் செய்வது சிப்புக்குள் இருக்கும் தனிச் சுற்று. அதில் இல்லாத கோடெக்கை அப்டேட் போட்டு வரவழைக்க முடியாது, மென்பொருளால் சமாளிக்கப் பார்த்தாலும் பெரிய படம் திக்கித் திக்கித்தான் ஓடும்.

அதனால் கடைக்குப் போவதற்கு முன் மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் உங்கள் கோப்புகள் சிலவற்றைத் திறந்து பாருங்கள், பழையதில் ஒன்று, புதியதில் ஒன்று, இருப்பதிலேயே பெரியது ஒன்று. வீடியோ பகுதியில் கோடெக்கின் பெயரும், நிறங்களை எவ்வளவு நுணுக்கமாகப் பதிந்திருக்கிறது என்பதைச் சொல்லும் 8 பிட்டா 10 பிட்டா என்பதும் இருக்கும். இந்த 10 பிட் விஷயத்தைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். எச்.265-இல் 10 பிட் என்றால் 4கே பிளேயர்கள் பெரும்பாலும் ஓட்டிவிடும், ஆனால் எச்.264-இல் 10 பிட் என்றால் பெரும்பாலான சிப்புகளுக்கு ஆகாது, படம் கட்டம் கட்டமாக உடையும் அல்லது வரவே வராது. அனிமே சேர்ப்பவர்களிடம் இந்த வகைக் கோப்பு நிறைய இருக்கும்.

நண்பருக்குச் சத்தம் வராததற்குக் காரணம் பெரும்பாலும் டிடிஎஸ் என்ற ஆடியோ கோடெக். அதற்குத் தனி உரிமக் கட்டணம் உண்டு, அதனால் பல பிளேயர்களும் டிவிகளும் அதை விட்டுவிடுகின்றன. இதற்காகப் பெட்டியை மாற்ற வேண்டியதில்லை. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் படத்தை அப்படியே நகலெடுத்து ஆடியோவை மட்டும் ஏசி3 (டால்பி டிஜிட்டல்) ஆக மாற்றிக்கொள்ளலாம், சில நிமிட வேலை, படத்தின் தரம் துளியும் குறையாது. படத்தையும் சேர்த்து மாற்றும் புரோகிராம்கள் பக்கம் போகாதீர்கள், மணிக்கணக்கில் நேரமும் போகும், தரமும் போகும்.

அப்புறம் சப்டைட்டில். தமிழ் எஸ்ஆர்டி (சப்டைட்டில்) கோப்பு ஒன்றை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் சேமித்து, பென் டிரைவில் படத்தோடு அதே பெயரில் போட்டு எடுத்துப் போங்கள். எழுத்து வருகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, ‘கொடு’, ‘போ’ மாதிரிச் சொற்களைக் கவனியுங்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். பின்னால் போய் ஒட்டிக்கொண்டால் அந்தப் பெட்டிக்குத் தமிழ் எழுத்துகளைச் சேர்க்கத் தெரியவில்லை என்று அர்த்தம், ஃபான்ட்டை மாற்றினாலும் சரியாகாது. கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், ஓடும் படத்தை நடுவில் தள்ளியும் பாருங்கள். ஓட்டிக் காட்ட மாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள்.

கேள்வி: என் பிளேயரில் 4கே படம் வைஃபையில் நின்று நின்று ஓடுகிறது. கேபிள் போட்டால் சரியாகுமா?

பதில்: பிளேயரில் நெட்வொர்க் கேபிள் செருகும் லேன் போர்ட் எத்தனை மெகாபிட் என்று முதலில் பாருங்கள். 4கே பெட்டி என்று விற்பதிலும் பல 100 மெகாபிட்டோடு நின்றுவிடுகின்றன. 4கே ப்ளூரே வட்டிலிருந்து சுருக்காமல் எடுத்த கோப்பு சில காட்சிகளில் நொடிக்கு 100 மெகாபிட்டைத் தாண்டும், அந்த இடத்தில் கேபிள் போட்டாலும் நிற்கும். சுருக்கிய சாதாரண 4கே கோப்பு என்றால் கேபிளே தாராளம். பெரிய கோப்புகளுக்கு ஹார்ட் டிஸ்கை நேராக யுஎஸ்பியில் செருகுங்கள், யுஎஸ்பி 2.0 கூடப் போதும். டிஸ்க் ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு ஏறாது, எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக மாற்ற வேண்டும், ஆனால் உங்கள் பிளேயர் அதில் எதைப் படிக்கும் என்று பார்த்துவிட்டு. ஃபார்மட் செய்து மாற்றும்போது டிஸ்கில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முதலில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.