கோல்ட்ரேனின் மேடைப் பதிவுகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் ஜாஸ் மேடைப் பதிவுகளைப் பற்றி எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனைப் பற்றியே கேட்கின்றன. எனவே இம்முறை பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: பல ஆண்டுகளாகக் கர்நாடக இசைக் கச்சேரிகளைக் கேட்டுவருபவன் நான். கோல்ட்ரேன் 1961இல் நியூயார்க்கில் வாசித்த இசைத்தட்டு ஒன்றை மருமகன் கொடுத்தார். அதன் ஒரு பக்கம் முழுவதும், ஏறத்தாழ 16 நிமிடம், ஒரே உருப்படி. எங்கே தொடங்குகிறது, எங்கே திரும்புகிறது என்று எதுவும் பிடிபடவில்லை. ஆனால் விட்டுவிடவும் மனம் வரவில்லை. இதை எப்படிக் கேட்பது?
— கும்பகோணம் வாசகர்

பதில்: வில்லேஜ் வான்கார்டு என்ற நிலவறை அரங்கில், 1961 நவம்பர் முதல் வாரத்தில், நான்கு இரவுகள் பதிவு செய்தவற்றிலிருந்து மூன்று உருப்படிகளைத் தேர்ந்து இம்பல்ஸ் நிறுவனம் 1962இல் வெளியிட்ட தட்டு அது. நீங்கள் குறிப்பிடுவது அதன் இரண்டாம் பக்கத்திலுள்ள ‘சேசின் த ட்ரேன்’. முதல் முறை கேட்பவர்கள் பலரும் தடுமாறும் இடம்தான் அது. இருந்தாலும், அதை ஒதுக்கிவிட்டு இனிமையான வேறொன்றுக்குப் போங்கள் என்று சொல்ல மாட்டேன். காதுக்கு எவ்வளவு கரடுமுரடாகப் பட்டாலும், அமைப்பில் அது மிக எளியது.

அது ஒரு ப்ளூஸ். நான்கு அடி கொண்டது ஒரு ‘பார்’. பன்னிரண்டு பார்கள் சேர்ந்தது ஒரு சுற்று. ஆகச் சுற்றுக்கு 48 அடி. அந்த வேகத்தில் ஒரு சுற்று ஏறத்தாழ 12 விநாடிகளில் முடிந்துவிடும். கோல்ட்ரேன் அப்படி எண்பது சுற்று அளவுக்கு இடைவிடாமல் வாசித்துக்கொண்டே போகிறார். ஆவர்த்தனம் எண்ணிப் பழகிய உங்கள் கைக்கு இது சிரமமாக இருக்காது. ஒன்றை மட்டும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: ஆவர்த்தனத்தில் தாளம் மட்டுமே திரும்பி வரும், ஆதார சுருதி அசையாது. ப்ளூஸில் அடித்தளமும் சேர்ந்து நகரும். ஐந்தாவது பாரில் அது மத்யமத்துக்குப் போகும், ஏழாவதில் ஷட்ஜத்துக்குத் திரும்பும், ஒன்பதாவதில் பஞ்சமத்தைத் தொட்டு, சுற்று முடிவதற்குள் மறுபடியும் ஷட்ஜத்தில் வந்து அமரும்.

நீங்கள் திணறியதற்குக் காரணம் உங்கள் காதல்ல. வழக்கமான ஜாஸ் வாசிப்பில் முதலில் ஒரு மெட்டு வரும். அதை வைத்துக்கொண்டு கலைஞர்கள் முறை போட்டுக் கற்பனை செய்வார்கள். முடிவில் மெட்டு திரும்பும். இங்கே முன்னால் வைக்க மெட்டே இல்லை. எடுத்த எடுப்பிலேயே டெனார் சாக்ஸபோன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. சுரக்கூட்டுகளால் வழி காட்டியிருக்கக்கூடிய பியானோக் கலைஞர் மெக்காய் டைனரும் கையைக் கட்டிக்கொண்டு விலகி நிற்கிறார். மிஞ்சியிருப்பவை ஜிம்மி காரிசனின் பாஸும் (அடிச்சுரங்களை ஒலிக்கும் பெரிய தந்திக் கருவி) எல்வின் ஜோன்ஸின் டிரம்ஸும் மட்டுமே.

ஆகவே முதல் முறை சாக்ஸபோனை விட்டுவிட்டுப் பாஸை மட்டும் பின்தொடருங்கள். காரிசன் அடிக்கு ஒரு சுரமாக நடந்துபோகிறார். தாளம் போட்டுக்கொண்டே கேட்டால், சில சுற்றுகளுக்குள் அந்த மத்யமத் திருப்பம் தெரியவரும். அது தெரிந்த பிறகு, தொலைந்துபோனாலும் அடுத்த சுற்றில் வந்து சேர்ந்துகொள்ளலாம்.

இரண்டாம் முறை எல்வின் ஜோன்ஸைக் கேளுங்கள். அவர் ஓர் அடியை மூன்றாகப் பிரித்து, அந்த மூன்றையும் சிம்பல் என்ற உலோகத் தட்டுக்கும் ஸ்னேர் என்ற சிறிய டிரம்முக்கும் காலால் மிதிக்கும் பெரிய டிரம்முக்கும் பங்கிட்டுக் கொடுப்பவர். அதனால் எந்தக் கருவியும் தனியாகத் தாளம் சொல்வதில்லை. எல்லாம் சேர்ந்து சுழல்கின்றன. சுற்று முடியப்போகும் இடத்தில் அந்தச் சுழற்சி கனத்து, அடுத்த சுற்றின் வாயிலில் சிம்பலில் விழும். எண்ணிக்கை தவறும் போதெல்லாம் உங்களைத் தூக்கி நிறுத்தப்போவது அந்தச் சிம்பல்தான்.

மூன்றாம் முறைதான் கோல்ட்ரேனிடம் வர வேண்டும். அவர் இரண்டு மூன்று சுரங்கள் கொண்ட ஒரு துணுக்கை எடுத்து, முதலில் அப்படியே சொல்கிறார், பிறகு அரை அடி தள்ளிச் சொல்கிறார், கடைசிச் சுரத்தை மட்டும் மாற்றுகிறார், தலைகீழாக்குகிறார். பிடி இறுகியதும் அதே துணுக்கைக் கருவியின் எல்லைக்கு மேலே, சுரம் பிளந்து கிறீச்சிடும் இடத்துக்குக் கொண்டுபோய், அடுத்த கணமே அடிமட்டத்திலிருந்து கரகரத்த குரலில் அதற்குப் பதில் சொல்கிறார். மேலே ஒருவர், கீழே ஒருவர் என இருவர் வாதாடுவதாகவே அந்த இடங்கள் கேட்கும். நீங்கள் இரைச்சல் என்று நினைத்திருக்கக்கூடியவை பெரும்பாலும் இவைதான். துணுக்கை அடையாளம் கண்ட பிறகு அந்தக் கிறீச்சிடலும் அதே துணுக்கின் இன்னொரு வடிவம் என்பது விளங்கிவிடும். பதிவுக்கூடத்தில் அளந்து வாசித்த எதிலும், ஒரு சிறு எண்ணத்தை இவ்வளவு நேரம் விடாமல் துரத்திச் செல்லும் கோல்ட்ரேனை நான் கேட்டதில்லை.

கேள்வி: பழைய மேடைப் பதிவுகளில் டிரம்ஸ் மற்றவற்றை அமுக்கிவிடுகிறது, பியானோ தொலைவில் கேட்கிறது. என் ஒலிபெருக்கியில் கோளாறா?
— மதுரை வாசகி

பதில்: பெரும்பாலும் கோளாறு இராது, பதிவு எப்படி எடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்த விஷயம் இது. வான்கார்டு பதிவுகளை எடுத்தவர், அக்காலத்தின் தலைசிறந்த ஜாஸ் ஒலிப்பதிவாளரான ரூடி வான் கெல்டர். அவற்றில் ஒவ்வொரு கருவியும் தெளிவாக ஒலிக்கும். அதே 1961ஆம் ஆண்டில், அதே ஊரில், வில்லேஜ் கேட் என்ற அரங்கில் கோல்ட்ரேன் வாசித்ததை ரிச் ஆல்டர்சன் என்ற ஒலிப்பொறியாளர், அரங்கின் புதிய ஒலியமைப்பைச் சோதிப்பதற்காக ஒரே ஒரு ஒலிவாங்கியை மேலே தொங்கவிட்டுப் பதிவு செய்தார். நியூயார்க் பொது நூலகத்தின் நிகழ்த்துகலைப் பிரிவில் கிடந்த அந்த நாடாக்கள் 2023இல்தான் வெளிவந்தன. அதில் எல்வின் ஜோன்ஸ் காதருகில் அமர்ந்து வாசிப்பதுபோல் இருக்கும். பியானோ பின்னுக்குப் போய்விடும். நான் அதைக் குறையாகக் கருதுவதில்லை. அப்போது குழுவில் வாசித்த எரிக் டால்ஃபியின் பாஸ் கிளாரினெட்டும் (தாழ்ந்த சுரங்களில் ஒலிக்கும் குழல் கருவி) டிரம்ஸும் மோதும் இடங்களை அந்தப் பதிவில் கேட்கும்போது, அந்த அறையின் உஷ்ணமே உறைக்கிறது. ஒலியளவைச் சற்றுக் குறைத்து, இரண்டு ஒலிபெருக்கிகளையும் நெருக்கி வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

தெளிவான ஒலிதான் முதலில் வேண்டும் என்றால், பியானோக் கலைஞர் தெலோனியஸ் மங்கின் குழுவில் கோல்ட்ரேன் வாசித்த கார்னகி ஹால் கச்சேரியிலிருந்து தொடங்கலாம். 1957 நவம்பர் 29 அன்று வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி பதிவு செய்த அது, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் கேட்பாரற்றுக் கிடந்து, 2005இல் கண்டெடுக்கப்பட்டு, அதே ஆண்டில் வெளியானது. பியானோவின் ஒவ்வொரு விரலும் கேட்கும்.

கேள்வி: ‘இந்தியா’ என்றொரு உருப்படி அவர் வாசித்திருக்கிறாராமே, அது எந்த ராகம்?
— திருச்சி வாசகர்

பதில்: ராகம் தேட வேண்டாம். அதுவும் 1961 வான்கார்டு இரவுகளில் வாசித்ததுதான். 1963இல் வேறொரு தட்டில் வெளிவந்தது. ரவிசங்கரின் சிதார் வாசிப்பில் கோல்ட்ரேனுக்கு ஆழ்ந்த ஈடுபாடு இருந்தது. 1965இல் பிறந்த மகனுக்கு ரவி என்று பெயரிட்டார். அந்த மகனும் இன்று சாக்ஸபோன் கலைஞர். இந்திய இசையிலிருந்து இந்த உருப்படிக்கு அவர் எடுத்துக்கொண்டது ராக இலக்கணத்தை அல்ல, அசையாத ஆதார சுருதியை. இரண்டு பாஸ்கள் அதை விடாமல் பிடித்திருக்க, சுரக்கூட்டுகள் மாறாத அந்தப் பரப்பில் சோப்ரானோ சாக்ஸபோன் சிறு சொற்றொடர்களாகக் கூவிக்கொண்டே போகிறது. சில இரவுகளில் அகமது அப்துல் மாலிக் தம்புராவும் மீட்டியிருக்கிறார். கும்பகோணம் வாசகருக்கு ‘சேசின் த ட்ரேன்’ அலுத்துப்போகும் நாளில் அவர் இதை எடுத்துக் கேட்கலாம்.

கேள்வி: 1966 டோக்கியோ கச்சேரியில் ‘மை ஃபேவரிட் திங்ஸ்’ 57 நிமிடம் ஓடுகிறது. பாதியில் தலைவலி வந்து நிறுத்திவிட்டேன். இதையும் இசை என்று ஏற்கத்தான் வேண்டுமா?
— கோவை வாசகர்

பதில்: ஏற்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. 1961இலேயே, நாம் இப்போது கொண்டாடும் வாசிப்பை ‘டவுன்பீட்’ இதழின் விமர்சகர் ஜான் டைனன் ஜாஸுக்கே எதிரானது என்று எழுதினார். அடுத்த ஆண்டு அதே இதழ் விளக்கம் கேட்டபோது கோல்ட்ரேன் சண்டைக்குப் போகவில்லை. பிரபஞ்சத்தில் தாம் அறிந்த, உணர்ந்த அற்புதங்களைக் கேட்பவருக்குக் காட்டுவதே ஓர் இசைஞரின் விருப்பம் என்ற பொருளில் அமைதியாகப் பதில் சொன்னார்.

ஆனால் நீங்கள் ஏணியின் முதல் படியிலிருந்து கடைசிப் படிக்குத் தாவியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த மெட்டை அவர் 1960 அக்டோபரில் பதிவுக்கூடத்தில் வாசித்தபோது அது 14 நிமிடத்துக்குள் அடங்கியது. 1963 ஜூலையில் நியூபோர்ட் விழாவில் எல்வின் ஜோன்ஸுக்குப் பதிலாக ராய் ஹெய்ன்ஸ் டிரம்ஸ் வாசித்தார். பொரிந்து தள்ளும் அவருடைய ஸ்னேர் டிரம் வாசிப்பில் அதே மெட்டு வேறு நடை போடுகிறது. இவை இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், மெட்டின் எலும்பு எது, கலைஞர்கள் சேர்த்த சதை எது என்பது தெரிந்துவிடும். அதன் பிறகே டோக்கியோவுக்குப் போக வேண்டும்.

அங்கே குழுவே வேறு. டைனரும் ஜோன்ஸும் விலகிவிட்டார்கள். பியானோவில் மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன், இன்னொரு சாக்ஸபோனில் ஃபரோ சாண்டர்ஸ், டிரம்ஸில் ரஷீத் அலி. பழைய குழுவிலிருந்து மிஞ்சியவர் காரிசன் ஒருவரே. அலி அடி எண்ணும்படியான தாளத்தை வாசிப்பதில்லை. எனவே மேலே நான் சொன்ன எண்ணும் வழி இங்கே உதவாது. மூச்சின் நீளத்தையும் அலையின் ஏற்ற இறக்கத்தையும்தான் பின்பற்ற வேண்டும். 57 நிமிடமும் ஒரே உயரத்தில் நிற்கிறது என்று என்னால் சொல்ல முடியாது. தொடக்கத்தில் காரிசன் தனியாக வாசிக்கும் நீண்ட பகுதிதான் அதில் எனக்கு மிகப் பிடித்தது. அந்தப் பகுதியையும், அதே பயணத்தில் பதிவான ‘பீஸ் ஆன் எர்த்’ என்ற மெதுவான உருப்படியையும் மட்டும் இப்போதைக்குக் கேளுங்கள். பின்னதில் அதே கலைஞர்கள், அதே கட்டற்ற தாளம். ஆனால் சாக்ஸபோன் ஒரு பிரார்த்தனையை உரக்கச் சொல்கிறது. ஓராண்டுக்குள், 1967 ஜூலை 17 அன்று, 40 வயதில் கோல்ட்ரேன் ஈரல் புற்றுநோயால் இறந்தார்.

கேள்வி: வான்கார்டு இரவுகளின் முழுத் தொகுப்பு நான்கு தட்டுகளாக வந்திருக்கிறது. அதை வாங்கலாமா, 1962 தட்டே போதுமா?
— யாழ்ப்பாணம் வாசகி

பதில்: 1962 தட்டு பழகிய பிறகு வாங்குங்கள். 1997இல் வெளியான அந்தத் தொகுப்பில் 22 வாசிப்புகள் உள்ளன. ஆனால் உருப்படிகள் அதில் பாதிகூட இல்லை. வாசித்ததையே இரவுக்கு இரவு மறுபடியும் வாசித்திருக்கிறார்கள். அதனால் தட்டு வரிசைப்படி கேட்டால் சலிப்புத் தட்டும். அதற்குப் பதிலாக ஓர் உருப்படியை எடுத்துக்கொண்டு, அதன் எல்லா வாசிப்புகளையும் தேதி வரிசையில் கேளுங்கள். தொடங்குவதற்கு ‘ஸ்பிரிச்சுவல்’ ஏற்றது. தாளமில்லாமல் மெதுவாக முகப்பு மெட்டைச் சொல்லிவிட்டு, பிறகு மூன்றடி நடைக்குள் அது இறங்கும். அந்த இறக்கம் ஒவ்வோர் இரவும் எப்படி நிகழ்கிறது, டால்ஃபியின் பாஸ் கிளாரினெட் நுழைந்ததும் ஜோன்ஸ் தம் வாசிப்பை எப்படி மாற்றிக்கொள்கிறார் என்ற இரண்டை மட்டும் குறித்துக்கொண்டு கேளுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டு முடிக்க வேண்டாம். ஒரு மாலைக்கு ஒரு வாசிப்பு போதும்.