‘மால்கம் எக்ஸ்’: கலையாகத் தேறுகிறதா?

அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸின் வாழ்க்கையைச் சொல்கிற, ஸ்பைக் லீ இயக்கி 1992இல் வெளிவந்த ‘மால்கம் எக்ஸ்’ படம் பற்றி நீங்கள் கேட்டிருந்தவற்றுக்குப் பதில் கீழே. நீளமான கேள்விகளைக் கொஞ்சம் வெட்டியிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இரவுப்பட்சி: 3 மணி 22 நிமிஷம் ஓடுகிறதே சார். அவ்வளவு நேரம் உட்காரத் தகுமா?

முதல் இரண்டு மணி நேரத்துக்குத் தாராளமாக உட்காரலாம். ஆரம்பத்தில் மால்கமும் நண்பன் ஷார்ட்டியும் ஜூட் சூட் என்கிற தொளதொளத்த நீளக் கோட்டும் கால்சட்டையும் மாட்டிக்கொண்டு பாஸ்டன் தெருவில் மினுக்கி நடக்கிறார்கள். திரை முழுக்க வெதுவெதுப்பான நிறங்கள், பழைய ஹாலிவுட் ஆட்டபாட்டப் படத்தின் பளபளப்பு. சிறைக்குள் போனதும் அந்த நிறமெல்லாம் வற்றி நீலச் சாம்பலாகிவிடுகிறது. வெளியே வந்து மேடையேறிய பிறகு தெளிவான, கறாரான வெளிச்சம். ஆள் மாறிவிட்டான் என்று வசனம் சொல்வதற்குள் ஒளிப்பதிவாளர் எர்னெஸ்ட் டிக்கர்சன் சொல்லிவிடுகிறார். தலைவர்களின் வாழ்க்கையைப் படமாக்குகிறவர்கள் பெரும்பாலும் தேதி வாரியாகச் சம்பவங்களைக் கோத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். இந்தப் படத்துக்கென்று ஒரு வடிவம் இருக்கிறது.

மூலைக்கடை: மால்கமாக நடித்த டென்சல் வாஷிங்டனுக்கு ஆஸ்கர் கொடுக்காதது அநியாயம்தானே அண்ணே?

அநியாயம்தான். அந்த வருஷம் அல் பசினோ வாங்கிக்கொண்டு போனார். அது கிடக்கட்டும். போலீஸ் அடித்து மண்டை உடைந்த ஒரு தோழருக்காக மால்கம் ஆட்களைத் திரட்டிக்கொண்டு போகிற, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக் காட்சியை மறுபடி பாருங்கள். 1957இல் நிஜமாகவே நடந்தது. அடிபட்டவர் பிழைத்துக்கொள்வார் என்று தெரிந்ததும் டென்சல் கையுறை போட்ட கையைத் தூக்குகிறார், அவ்வளவுதான். வரிசை வரிசையாக நின்றவர்கள் திரும்பி நடக்கிறார்கள். குரலை உயர்த்தவே இல்லை. இப்படி ஒரு அதிகாரம் ஒருத்தன் கையில் இருக்கக் கூடாதென்று பக்கத்தில் நிற்கிற போலீஸ் அதிகாரி முணுமுணுக்கிறார். என்னைக் கேட்டால் அந்த முணுமுணுப்பே தேவையில்லை, கை சொல்லிவிட்டது.

ஏட்டுச்சுரைக்காய்: சிறையில் மால்கமைத் திருத்துகிற பெய்ன்ஸ் உண்மையான ஆளா?

இல்லை, பல பேரைக் கலந்து செய்த பாத்திரம். நிஜத்தில் மால்கமை ‘நேஷன் ஆஃப் இஸ்லாம்’ என்கிற கறுப்பின முஸ்லிம் இயக்கத்தின் பக்கம் இழுத்தவர்கள் அவருடைய சொந்த அண்ணன், அக்கா, தம்பிதான். பன்றிக்கறியையும் சிகரெட்டையும் விடு, வெளியே வர வழி காட்டுகிறேன் என்று தம்பி ரெஜினால்ட் கடிதம் போட்டார். அகராதியைப் பக்கம் பக்கமாகப் பார்த்து எழுதி மால்கம் தானாகவே படித்துக்கொண்டார். படத்தில் பெய்ன்ஸ் அகராதியைப் பிரித்து வைத்துப் பாடம் நடத்துகிறார். கதைக்கு இது வசதி, ஏனென்றால் பின்னால் பொறாமைப்பட்டு மால்கமுக்கு எதிராகத் திரும்புவதற்கு ஒரு ஆள் வேண்டும். ஆனால் அந்தக் குடும்பம் காணாமல் போனதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

தெற்குவாசல்: நீங்கள் குறை சொல்கிற இடம் எது, நேராகச் சொல்லுங்கள்.

கடைசி ஒரு வருஷம். 1964 மார்ச்சில் அந்த இயக்கத்தின் தலைவர் எலைஜா முகம்மதுவை விட்டுப் பிரிந்தது முதல் 1965 பிப்ரவரி 21இல் கொலையானது வரை மால்கம் படுவேகமாக மாறினார். கெய்ரோவில் ஆப்பிரிக்க நாடுகளின் மாநாட்டுக்குப் போய், அமெரிக்கக் கறுப்பர் பிரச்சினையை ஐ.நா.வுக்குக் கொண்டுபோகச் சொன்னார். சாவதற்கு இரண்டு வாரம் முன்பு, மார்ட்டின் லூதர் கிங் சிறையில் இருந்த நேரத்தில், அலபாமா மாநிலத்தின் செல்மா ஊரில் பேசினார். படமோ அவருடைய மெக்கா யாத்திரையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மிரட்டல் தொலைபேசிகளோடு அவசரமாக முடிவுக்கு ஓடுகிறது.

இன்னொன்று. நான் என்ன உதவி செய்யட்டும் என்று ஒரு வெள்ளைக்கார மாணவி கேட்கிறாள். “ஒன்றுமில்லை” என்று சொல்லிவிட்டு மால்கம் நடக்கிறார். பிரமாதமான காட்சி, தியேட்டரில் கைதட்டல் விழும். அப்படிச் சொன்னதற்காகப் பிற்பாடு வருந்தியதைச் சுயசரிதையில் அவரே சொல்கிறார். அந்த வருத்தம் படத்தில் இல்லை. கைதட்டலை வைத்துக்கொண்டு மனிதனை விட்டுவிட்டார்கள்.

மூலைக்கடை: கடைசியில் மண்டேலா வருவது?

தென்னாப்பிரிக்காவின் சொவெட்டோ வகுப்பறையில் மண்டேலா ஆசிரியராக நிற்க, குழந்தைகள் எழுந்து ‘நான்தான் மால்கம் எக்ஸ்’ என்பதெல்லாம் அஞ்சலிக் கூட்டம். அதற்குச் சற்று முன்னால், பாடகர் சாம் குக்கின் பாட்டு ஒலிக்க, காலை எடுத்து வைக்காமலே மால்கம் மிதந்து வருவது போல ஒரு ஷாட் வருகிறதே, படம் அதோடு எங்கேயோ போய்விட்டது. காமிராவையும் நடிகரையும் ஒரே தள்ளுவண்டியில் ஏற்றி எடுத்தது. சாவை நோக்கி யாரோ இழுத்துப் போகிற மாதிரி இருக்கும்.

கரிசல்காடு: ‘செல்மா’ இதைவிட நல்ல படம் என்கிறார்களே?

அடக்கமான படம். அவா டுவர்னே 2014இல் எடுத்தார். கிங்கின் முழு வாழ்க்கையில் கை வைக்காமல் 1965இல் செல்மாவில் நடந்த வாக்குரிமைப் போராட்டத்தின் சில மாதங்களை மட்டும் எடுத்துக்கொண்டார், அதனால் சிதறவில்லை. கிங்கின் உரைகளுக்கான உரிமை வேறு நிறுவனத்திடம் இருந்ததால் மேடைப் பேச்சைப் புதிதாக எழுத வேண்டிவந்தது. அதுவே நல்லதாகப் போயிற்று, மனப்பாடமான வரிக்காகக் காத்திருக்காமல் ஆளைக் கவனிக்கிறோம். கச்சிதம் என்றால் ‘செல்மா’. ஆனாலும் மறுபடி மறுபடி நான் போட்டுப் பார்ப்பது ‘மால்கம் எக்ஸ்’தான்.

இரவுப்பட்சி: வீட்டுப் பிள்ளைகளோடு பார்க்கலாமா சார்?

பத்தாவது படிக்கிற பிள்ளை என்றால் பார்க்கலாம். முதல் பாதியில் போதை, திருட்டு எல்லாம் உண்டு. கடைசிச் சுடுதல் மனைவி, மகள்கள் கண்ணெதிரே நடக்கிறது. அதை முன்கூட்டியே சொல்லிவிட்டு உட்கார வையுங்கள்.