ஸ்லைடரை மாணவர் கையில் கொடுங்கள்

கடலூரில் பிளஸ் ஒன் கணக்கு எடுக்கும் ஓர் ஆசிரியை கேட்கிறார்: "நுண்கணித அனிமேஷன் வீடியோ போட்டால் பிள்ளைகள் ரசித்துப் பார்க்கிறார்கள். மறுநாள் தொடுகோட்டின் சாய்வு என்றால் விழிக்கிறார்கள். வேறு எப்படி நடத்துவது?"

வீடியோவில் பிள்ளைகளுக்கு வேலையே இல்லை, பிரச்சினை அதுதான். ஜியோஜீப்ராவுக்கு மாறுங்கள். வரைபடம் வரைந்து அசைத்துப் பார்க்க உதவும் இலவச மென்பொருள், ஒருமுறை கணினியில் ஏற்றிவிட்டால் நெட் இல்லாமலும் ஓடும்.

எக்ஸ் ஸ்கொயர் வளைவரையில் எக்ஸ் 1 ஆகும் புள்ளியை நிலையாக வையுங்கள். அதிலிருந்து 'ஹெச்' தள்ளி இன்னொரு புள்ளி. இரண்டையும் இணைத்து வெட்டுக்கோடு வரைந்து, ஹெச்சை ஸ்லைடராக்கி (இழுத்தால் மதிப்பு மாறும் பட்டை), ஒரு மாணவியை நகர்த்தச் சொல்லுங்கள். ஹெச் 1 என்றால் சாய்வு 3. அடுத்து 0.5-க்கு என்ன வரும்? நகர்த்துவதற்கு முன்பே எல்லோரும் நோட்டில் எழுத வேண்டும். 2.5 வரும். அப்புறம் 0.1-க்கு 2.1, 0.01-க்கு 2.01, மைனஸ் 0.1-க்கு 1.9. இரண்டு பக்கமிருந்தும் 2-ஐ நெருங்குகிறது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

சரி, இப்போது ஹெச்சை 0-வில் நிறுத்துங்கள். கோடு காணாமல் போகும். இரண்டு புள்ளியும் ஒன்றாகிவிட்டால் எந்தக் கோட்டை வரைவது? 'எல்லை', அதாவது ஹெச் 0-வை நெருங்க நெருங்கச் சாய்வு நெருங்கும் மதிப்பு, எதற்கு என்பது இங்கேதான் புரியும். என்னைக் கேட்டால் ஒரு பீரியட் முழுக்க இதற்கே கொடுக்கலாம். உடனே அதே கணக்கை முதல் கொள்கைப்படி (இந்த எல்லையை நேரடியாகக் கண்டு) நோட்டில் போட வையுங்கள். எக்ஸின் மட்டு மதிப்பையும் 0-வில் சோதிக்கலாம்: சாய்வு வலப்பக்கம் 1, இடப்பக்கம் மைனஸ் 1, அதனால் அங்கே வகைக்கெழு (தொடுகோட்டின் சாய்வு) இல்லை.

தொகையிடலுக்கு, அதாவது சிறு சிறு பகுதிகளைக் கூட்டி மொத்தம் காண்பதற்கு, நம் மாவட்டத்து வீராணம் ஏரி போதும். நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி என்று பேப்பரில் போடுகிறார்களே, அதுதான் வரைபடம். 1,000 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க வந்தால் 8.64 கோடி கன அடி, ஒரே செவ்வகம். வரத்து மணிக்கு மணி மாறினால் செவ்வகங்களை மெலிதாக்கிக்கொண்டே போங்கள். வளைவரைக்குக் கீழுள்ள பரப்புதான் வந்து சேர்ந்த தண்ணீர். (சென்னைக்குப் போவதைக் கழிக்க வேண்டும் என்று ஒருவராவது சொல்வார். சொல்லட்டும்.)

ஒரு எச்சரிக்கை. எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 1-ஐ எக்ஸ் மைனஸ் 1-ஆல் வகுத்து வரைந்தால், திரையில் பெரும்பாலும் முழு நேர்கோடாகத்தான் தெரியும். எக்ஸ் 1-ல் மதிப்பே கிடையாது என்பது கண்ணில் படாது. அந்த ஓட்டையைக் கரும்பலகையில் சாக்பீஸால் நீங்கள்தான் போட்டுக் காட்ட வேண்டும்.